பத்து லட்சத்து ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றொன்று

பல்லெண்ணி என்று அவனுக்குப் பேர் வந்தது சக்கரத்துப் பல்லை எண்ணியதால். தண்ணீர் சுத்தம் செய்யும் நிலையத்தில் ஃபிட்டர். பெரிய தொட்டியைக் கலக்கும் மெஷினில் ஒன்றையொன்று கவ்விய மூன்று சக்கரங்கள் உண்டு. நொடிக்கு ஒரு பல்தான் நகரும். ஆமை பார்த்தால் கொட்டாவி விடும்.

அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவன் அக்கா புருஷன். எதைச் சொல்வதானாலும் முதலில் "ம்க்கும்" என்று செருமிக்கொள்வார். மூன்று வருஷம் முன்னால், மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தபடியே நெஞ்சு நின்று போய்ச் சேர்ந்தார். அப்புறம் பன்னிரண்டு நாளைக்கு ஒருதரம்போல மெஷினே "ம்க்கும்" என்றது. எண்ணெய் விட ஒருத்தனும் கீழே இறங்கவில்லை.

"உங்க மாமா கூப்பிடறாரு, நீயே போ!" என்றார்கள் கூட வேலை செய்கிறவர்கள்.

போனான். எண்ணினான். தொண்ணூற்றேழு, நூற்றொன்று, நூற்றுமூன்று பற்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு பல் மூளி. மூன்று மூளியும் ஒன்றாக வந்தால்தான் அந்தச் சத்தம். தொண்ணூற்றாறு, நூறு, நூற்றுநாலு என்று இருந்திருந்தால் எட்டு மணி நாற்பது நிமிஷத்தில் கூடிவிடும். இந்த மூன்றில் எந்த இரண்டையும் பொதுவில் வகுக்கிற எண், ஒன்றைத் தவிர, கிடையாது. அதனால் மூன்றையும் பெருக்கி வருகிற பத்து லட்சத்துச் சொச்சம் நொடியும் காத்திருக்க வேண்டும்: பதினோரு நாள், பதினாறு மணி, பதினெட்டு நிமிஷம், பதினோரு நொடி. ரெண்டு, மூணு, ஏழு என்று வகுத்து அந்த எண்ணை முட்டிப் பார்த்தான். கதவு திறக்கவில்லை.

"பேய் இல்லக்கா, பெருக்கல்."

அக்கா அங்கேயே தண்ணீர் சோதிக்கிறவள். "சரிடா. அடுத்தது எப்போ?" என்று மட்டும் கேட்டாள்.

அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் நேரம் சொல்வது அவன் வேலை. அவள் படிக்கட்டின் மேல் வந்து நிற்பாள். செருமல் கேட்டதும், "ம், சொல்லுங்க" என்பாள். போய்விடுவாள்.

அந்த வியாழன் மூணு நாற்பதுக்கு என்று சொல்லியிருந்தான். பன்னிரண்டு மணிக்கு இன்ஜினியர் வந்து, "மூளிச் சக்கரத்தையெல்லாம் கழட்டு, புதுசு மாட்டு" என்றுவிட்டார். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டான். பழைய சக்கரங்கள் மூன்றும் சாக்கின் மேல் கிடந்தன. அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை.

கல்யாண வீட்டிலேயே மாமா மாதிரி செருமிக் காட்டி அவளிடம் குட்டு வாங்கியவன் அவன். இன்றைக்கும் செருமிவிட்டால் போச்சு! பம்பு இரைச்சலில் மெஷின் நின்றது மேலே தெரியாது.

மூணு நாற்பது. மேலே செருப்புச் சத்தம் வந்து நின்றது. மூச்சை இழுத்து வாயைத் திறந்தான்.

"ம்க்கும்."

அவன் இன்னும் செருமவில்லை. சத்தம் ஸ்டூல் பக்கத்திலிருந்து வந்தது.

"ம், சொல்லுங்க," என்றாள் அக்கா. பிறகு கீழே அவனுக்குக் கேட்க, "இன்னிக்குச் சத்தம் ரொம்பத் தெளிவா இருக்கேடா. எண்ணெய் விட்டியா?"

பல்லெண்ணி பாக்கெட்டைத் தடவினான். சாவி இருந்தது.

"ஆமாக்கா," என்றான்.