கிள்ளானில் திறக்க மறுத்த டப்பா

கிள்ளானில் அக்கா வேலை செய்யும் தொழிற்சாலை தன் ஆட்களைச் சாப்பிட விடுவதில்லை. மதிய ஓய்வு இருபது நிமிடம். கேன்டீனில் கோழி, மீன் மட்டும். விடுதியில் சமைக்கத் தடை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அக்கா காலையில் பட்டினி கிடந்து, மதியம் சைவம் சாப்பிட்டு விரதம் முடிப்பாள். அதற்காகத்தான் போன சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பினேன்.

கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் சாதத்தை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ரயிலில் சிந்தக் கூடாதென்று ரப்பர் வளையம் வைத்த திருகுமூடியை இறுக்கினேன். தப்பு அங்கேதான். கேஎல் சென்ட்ரலில் 10.40க்குக் கொமுட்டர் ரயில். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏசி பெட்டி. குளிரில் பல் கிட்டிப்போகும், சட்டைக்கு மேல் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து தொழிற்சாலைக்குக் கிராப் கார், ஒன்பது ரிங்கிட்.

12.30க்கு அக்கா கேட்டுக்கு வந்தாள். மூடி அசையவில்லை. அதன் நடுப்பகுதி உள்வாங்கியிருந்தது.

"என்னடா, சாம்பார ஜெயில்ல போட்டுட்டியா?"

நான் திருகினேன், அவள் திருகினாள். காவலாளியின் அறையில் கெட்டில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் சுடுதண்ணி தாங்க."

"வெளியாளுக்கு ஒண்ணும் கொடுக்கக் கூடாதுலா தம்பி. சூப்பர்வைசர் ஆர்டர்."

12.50க்கு மணி அடித்தது. "நீ சாப்பிடு" என்று டப்பாவை என்னிடம் தள்ளிவிட்டு அக்கா உள்ளே போனாள். ஏழு மணி வரை வேலை.

மேம்பாலம் ஏறி எதிர்ப்பக்கக் கடைக்குப் போனேன். அங்கிருந்த ஆன்டி ஒரு பேசினில் சுடுதண்ணீர் ஊற்றி டப்பாவை வைத்தார். சூடான ஆவி உள்ளே இருந்த காற்றில் பாதியை விரட்டியிருக்கும். அப்போது மூடினால், ஆறியதும் ஆவி தண்ணீராகிவிடும், உள்ளே அழுத்தம் குறையும், வெளிக்காற்று மூடியை அமுக்கும். மறுபடி சூடானால் பிடி விடும். மூன்று நிமிடத்தில் விட்டது. நீங்கள் கொண்டுபோவதானால் ஆறவைத்து மூடுங்கள். முடியாவிட்டால், ஆறிய பிறகு மூடியை ஒருமுறை தளர்த்திக் காற்றை உள்ளே விடுங்கள்.

1.10க்கு மறுபடி கேட்டில் நின்றேன், திறந்த டப்பாவோடு.

"அண்ணே, அக்காவக் கூப்பிடுங்க. அஞ்சு நிமிஷம் போதும். காலையிலருந்து அவ ஒண்ணும் சாப்பிடல."

அவர் கண்ணாடி ஜன்னலை இழுத்து மூடினார்.