அடியும் படியும் இல்லாத எண்

டைபாய்டு காய்ச்சலிடமிருந்து உயிர். வீட்டில் முடிவு சொல்லும் பெரியப்பாவிடமிருந்து, மூன்று வருடம் அழுது, மேற்படிப்புக்குச் சம்மதம். சென்னை இன்ஜினீயரிங் காலேஜில் ஆண்கள் நடுவே ஓர் இடம். ராயப்பன்பட்டித் தெருவில் சைக்கிள் ஓட்டும் உரிமை. என் தங்கை மதலேனாள் ஜெயித்தவை இவை. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் இவை ஒவ்வொன்றுக்கும் தேதி சொல்வேன். இந்தப் பத்திரிகையில் இடம் போதாது.

விடுமுறையில் குளிக்கப் போனால் குளிக்கமாட்டாள். துவைகல்லின் மேல் செம்புத் தண்ணீரைச் சன்னமாக ஊற்றிக்கொண்டிருப்பாள். விழுந்த தண்ணீர் மெல்லிய தகடாய் விரைந்து, ஒரு வளையத்தில் சட்டென்று தடித்து நிதானமாகும்.

"அக்கா, விரல வையி. வளையத்துக்கு உள்ள அலை எதுத்து ஏறமாட்டேங்குது பாரு. வெளிய ஏறுது."

ஏறத்தான் செய்கிறது.

"தண்ணி ஓடுற வேகத்த அலை ஓடுற வேகத்தால வகுத்தா ஒரு எண்ணு. ஒண்ணுக்கு மேல போனா தண்ணி அவசரக்காரி, கீழ இருந்தா நிதானக்காரி. வேகத்த வேகத்தால வகுத்ததுனால அதுக்கு அளக்குற அடியும் இல்ல, படியும் இல்ல. செம்புத் தண்ணிக்கும் அதேதான், முல்லையாத்துக்கும் அதேதான்!"

"அவசரக்காரி யாருன்னு எனக்குத் தெரியும். சோறு ஆறுது, குளிச்சிட்டு வா ஆத்தா" என்பார் அம்மா.

எங்களுக்கு இருப்பது ஒரே வயல். அதற்கு மேலே வாய்க்கால் ஓர் ஆள் உயரம் இறங்கி விழுகிறது. வருடந்தோறும் அங்கே கரை உடைந்து, நாற்று மண்ணுக்குள் போய்விடும். ஜூனில் தண்ணீர் திறக்குமுன் வீட்டுக்கு ஓர் ஆள் மராமத்துக்குப் போவது வழக்கம். இந்த வருடம் கல் பாவலாம் என்று முடிவானது. கல்லோ ஓரிடத்துக்குத்தான் காணும். தண்ணீர் விழுகிற இடத்தில் பாவ வேண்டும் என்றார் வாய்க்கால் நாட்டாமை தவசி. விழுந்த தண்ணீர் அவசரமாய் ஓடி, தள்ளிப்போய்ப் பொங்கி நிதானமாகிற இடத்தில்தான் கரையைக் குடைகிறது என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள் மதலேனாள்.

களத்தில் பதினாறில் ஒரு பங்கு அளவில் களிமண் வாய்க்கால் கட்டி, அடியில் மண்ணுக்குப் பதில் கேழ்வரகு பரப்பினாள். ஞாயிறு பூசை முடிந்து ஊரே வந்து நின்றது. மகளை நினைத்து அய்யாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "வாய்க்கால்னா வாய்க்கா வேகத்துல ஓடணும்ல!" என்று அண்டாவை அப்படியே கவிழ்த்துவிட்டார். களிமண், கேழ்வரகு, இரண்டு கோழிக்குஞ்சு எல்லாம் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தன.

"இதுக்குத்தான் பட்டணம் அனுப்புனீகளாக்கும்?" என்றார் அமிர்தராஜ் சித்தப்பா.

மதலேனாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அய்யா, எண்ணுதான் ரெண்டுலயும் ஒரேமாதிரி இருக்கணும், வேகம் இல்ல. அளவு பதினாறுல ஒண்ணுன்னா அலை வேகம் நாலுல ஒண்ணு, தண்ணியும் அப்படித்தான் ஓடணும்!"

மறுபடி களிமண் பூசினாள். குடத்தைச் சரித்து நிதானமாக விட்டாள். தண்ணீர் விழுந்தது, வழுக்கி ஓடியது, தள்ளிப்போய்ப் பொங்கியது. பொங்கிய இடத்தில் கேழ்வரகு குழிந்தது.

தவசி குந்தி உட்கார்ந்து பார்த்தார். "அடியேய், போன வருசம் கரை போன இடம்ல இது! சரி, அங்கனயே பாவுவோம். ஆனா உடைஞ்சா ஊரு என் சட்டையப் பிடிக்கும். படத்துல ஒரு ஆளு பொறுப்பா கையெழுத்துப் போடணும்."

அதுவரை விடுதிக்கும் காலேஜுக்கும் அவளுக்காகக் கையெழுத்துப் போட்டவர் அய்யாதான். இப்போதும் பேனாவை எடுத்து, படத்தின்மேல் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, பேனாவை அவளிடம் நீட்டினார். அவள் சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு எழுதினாள்:

ச. மதலேனாள், 19-5-1946.