துண்டுக்கு அடியில் நடக்கும் சந்தை

நான் மாட்டுத் தரகன். பேசக் கூச்சப்படுகிறவனுக்கு இதைவிடத் தோதான தொழில் கிடையாது. சந்தையில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இருவர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடிப்போம். எந்த விரல், எத்தனை விரல் என்பதுதான் விலை. சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும்.

முதல் செல்போன் வாங்கிய சமயம், கம்பம் பக்கம் அடுத்தடுத்து இரண்டு வருடம் மழை இல்லை. நான் பார்த்துப் பார்த்து வாங்கிக்கொடுத்த உழவு மாடுகளை நானே அடிமாட்டு விலை பேசிக் கேரளா லாரியில் ஏற்றினேன். அதன்பிறகு எனக்குள் ஏதோ நின்றுபோனது. அழுகைகூட வரவில்லை. மாட்டின் நெற்றியைத் தடவினால் உள்ளங்கையில் ஒரு சிலிர்ப்பு ஏறும், அதுவும் இல்லை. ஒருநாள் துண்டுக்குள் விரல் மாற்றிப் பிடித்துவிட்டேன்.

"அண்ணே, காளைக்கு விலை கேட்டா கன்னுக்குட்டிக்குச் சொல்றீகளே," என்றார் கம்பத்து வியாபாரி. கூட்டம் சிரித்தது. சந்தைக்குப் போவதை விட்டேன்.

மனைவி தேனிக்கு, மனசு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். "சோறு வச்சாத் திங்கிறாக. வைக்காட்டிக் கேக்க மாட்டாக," என்றாள்.

டாக்டரம்மா என் தொழிலைப் பற்றிக் கேட்டார். தோள் துண்டை எடுத்து, மனைவியின் கையைப் பிடித்துக் காட்டினேன்.

"இத்தன வருசத்துல நாலு பேரு பாக்கக் கையப் பிடிச்சது இங்கனதான்," என்றாள் அவள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டு அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூளையிலயும் கிட்டத்தட்ட இதுதான் நடக்குது. செரோட்டோனின்னு ஒரு ரசாயனம் வந்து விரலைப் பிடிக்கும். அந்த விரலை நாங்க ரிசெப்டார்னு சொல்வோம். அதுல பல வகை. ஒண்ணைப் பிடிச்சா டோபமைன்னு இன்னொரு ரசாயனம் கூடுதலாச் சுரக்கும். வேற ஒண்ணைப் பிடிச்சா அது அடங்கிரும். ஒண்ணு மேல ஆசை வர, எந்திரிச்சுப் போய்ச் செய்ய அந்த டோபமைன் வேணும். ரொம்ப நாள் மனக்கஷ்டம் இருந்தா பிடி மாறிப்போகலாம். முழுசா எங்களுக்கே இன்னும் தெரியாது. மாத்திரை எழுதித் தர்றேன், அது கேக்கச் சில வாரம் ஆகும்."

திரும்பி வரும் பஸ்ஸில் என் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். எட்டாவது வரை படித்தவன் நான். பிறந்ததிலிருந்து என் தலைக்குள் ஓயாமல் ஒரு சந்தை நடந்திருக்கிறது. துண்டு அசைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் தூங்கி வழிந்தவர்கள் தலையிலும் அதே சந்தை. பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும்போலவும் இருந்தது.

அடுத்த முறை போனபோது நானாகவே வாய் திறந்தேன். "மாட்டுக்கும் இது உண்டுங்களா?"

"உண்டு," என்றார்.

லாரியில் ஏற்றிய மாடுகளை நினைத்து அன்றுதான் அழுதேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில் சந்தைக்குப் போனேன். செவலைக் காளை ஒன்றின் நெற்றியில் கை வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் உள்ளங்கையில் அந்தச் சிலிர்ப்பு லேசாக ஏறியது. உள்ளே யார் எந்த விரலைப் பிடித்தார்களோ. கையை எடுக்காமல் நின்றேன். காளையும் நகரவில்லை.