வேலையை முடித்துவிட்ட பியூலா

என் தங்கை பியூலாவைப்போல் பிழைக்கத் தெரியாத ஆளை நான் பார்த்ததில்லை. கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, 1974இல் கிண்டியில் ஓர் ஆய்வு நிலையத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தாள். வேலை தற்காலிகம். இன்ஜினீயர்கள் கணக்குப் போடுவதற்காக அங்கே ஒரு கம்ப்யூட்டர் மொழி உருவாகிக்கொண்டிருந்தது. அது முடியவில்லை என்று சொல்லித்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளுக்கு நீட்டிப்பு வாங்குவார்கள். அந்த மெஷினை விட்டால் என்னைப்போல் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைதான். அதைச் சொன்னாலே அவளுக்கு முகம் சுண்டிவிடும்.

இன்ஜினீயர் எழுதிய வரியில் எது பெயர், எது எண், எது குறி என்று மெஷினுக்குப் பிரித்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. எழுத்து வந்தால் இப்படிப் போ, புள்ளி வந்தால் அப்படிப் போ என்று மெஷின் படிக்கிற ஓட்டைக் கார்டுகளில் கட்டுக்கட்டாக அடித்து வைத்திருந்தார்கள். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெட்டுப்போகும்.

வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் அவள் புது வழி ஒன்றைப் படித்தாள். போகிற பாதையை நாம் எழுத வேண்டாம். பெயர் எப்படி இருக்கும், எண் எப்படி இருக்கும் என்று வடிவத்தை மட்டும் சொன்னால் போதும், பாதையை மெஷினே போட்டுக்கொள்ளும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று அதற்குப் பெயராம். காலை வண்டியில் எனக்குப் பாடம் நடத்தினாள்.

"தாம்பரம்னு ஆரம்பிக்கணும். நடுவுல எத்தனை ஸ்டேஷன் வேணாலும் வரலாம். கடைசில பீச். அவ்ளோதான் அக்கா, நம்ம வண்டி. அந்த 'எத்தனை வேணாலும்'க்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டா போதும்."

"முதல்ல உட்கார சீட் கிடைக்குதான்னு பாரு" என்றேன்.

சொன்னபடியே எழுதி முடித்தாள். அவளுடைய மேலதிகாரி ஸ்ரீநிவாசராகவன் நல்ல மனுஷர். "இதை இப்ப வெளியே எடுக்காதேம்மா. இது வந்தா புதுசா எது வேணும்னாலும் இன்ஜினீயர்களே ஒரு வரி சேர்த்துப்பாங்க. அப்புறம் எதைக் காட்டி உனக்கு நீட்டிப்பு கேக்கறது? நிரந்தர போஸ்ட் வரட்டும்" என்றார். பியூலா தலையாட்டிவிட்டு அந்தக் கார்டுக் கட்டை டிராயரில் பூட்டினாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

சில வாரம் கழித்து ஜெயவேலு என்ற இன்ஜினீயர் ஒரு பாலத்துக்கான கணக்கோடு வந்தார். அவர் எழுதிய எண்ணைப் பழைய கட்டு புள்ளியில் வெட்டி இரண்டாக்கி, கன்னாபின்னாவென்று விடை கொடுத்தது. அவரோ தப்பு தன்னுடையதுதான் என்று நினைத்து, எல்லாக் கார்டையும் முதலிலிருந்து அடித்தார். மறுபடியும் அதே விடை. மூன்றாம் தடவை அவர் உட்கார்ந்தபோது பியூலா டிராயரைத் திறந்துவிட்டாள்.

அடுத்த நீட்டிப்பு வரவில்லை. மொழிதான் முடிந்துவிட்டதே என்றது மேலிடம். ஸ்ரீநிவாசராகவன் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

நான் காய்ச்சி எடுத்தேன். "ஜெயவேலு உனக்கு என்ன மாமனா மச்சானா? இன்னும் கொஞ்ச நாள் சும்மா இருந்தா உனக்கு என்ன கொறைஞ்சிருக்கும்?"

"அவர் தன் மேல தப்புன்னு நெனச்சுட்டார் அக்கா. நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டிருந்தேன். இத்தனை நாள் பூட்டி வெச்சிருந்தேன் பாரு, அதுதான் எனக்கு வெக்கமா இருக்கு."

ஜூலையில் எங்கள் பள்ளியிலேயே எட்டாம் வகுப்புக் கணக்குக்குச் சேர்ந்தாள். முதல் நாள் மணி அடிப்பதற்கு முன்னால் டீச்சர்கள் அறையில் உட்கார்ந்து அழுதாள். நானும்தான்.