குலசிங்கத்தின் வலது கை

வேலைத்தலத்துக்கு வெளியே காரை நிறுத்தியதும் குலசிங்கம் பின்பார்வைக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, நெற்றியிலுள்ள திருநீற்றைத் துடைத்துவிடுவார். யாரும் துடைக்கச் சொன்னதில்லை. கனடா வந்த புதிதில் மிசிசாகா நகரில் ஒரு கிடங்கில் வேலை செய்தபோது, நெற்றியில் சாம்பல் பட்டிருக்கிறது என்று ஒருவன் சொன்னான். அவன் பகிடிக்குச் சொல்லவில்லை. உதவியாகத்தான் சொன்னான். அன்று தொடங்கிய பழக்கம்.

கோப்பை கழுவியிருக்கிறார். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றியிருக்கிறார். நடுவயதில் கல்லூரிக்குப் போய், தன் பிள்ளைகளின் வயதினரோடு இருந்து இலத்திரனியல் படித்தார். இப்போது உணவகங்களின் மின்னடுப்புகளுக்குத் தொடுபலகை செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் தொழில்நுட்பராக இருக்கிறார். அவருக்கென்று ஒரு மேசையும் சுழல்கதிரையும் உண்டு.

சிப் விற்பவர்கள் அனுப்பும் பரிசோதனைப் பலகையை இயக்கிப் பார்ப்பது அவருடைய வேலை. உள்ளங்கை அளவான பச்சைப் பலகை. அதில் வரிசையாக நான்கு செப்பு வட்டங்கள். மேலே ஒரு அக்ரிலிக் தகடு ஒட்டப்படும். தகட்டின் மேல் விரல் வைத்தால் கீழேயிருக்கும் வட்டம் அதை உணர்ந்து சிறு விளக்கொன்றை எரிக்கும். தகடு ஒட்டுபவள் கிளடிஸ். மன்னாரைச் சேர்ந்தவள். அந்தத் தளத்தில் அவரோடு தமிழ் பேச அவள் மட்டும்தான்.

புதிய பலகையில் முதல் வட்டம் வேலை செய்யவில்லை. பொறியியலாளன் மாக்கஸ் வந்து மின்சாரத்தைப் போட்டு விரல் வைத்தால் விளக்கு எரியும். குலசிங்கம் போட்டால் எரியாது. ஒட்டுக்குள் காற்றுக் குமிழ் இருக்கும், அதனால்தான் பிழை வந்து வந்து போகிறது என்றான் மாக்கஸ். கிளடிஸ் தின்னர் திரவத்தால் பசையைக் கரைத்துத் தகட்டைக் கழற்றி மறுபடி ஒட்டினாள். பிறகும் ஒட்டினாள்.

"உதில குமிழ் இல்லை அண்ணை. வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ."

"எனக்கும் ஒண்டும் தெரியேல்லைத்தான்."

"தெரியாத குமிழுக்கு என்ர கை எரியுது. தின்னரில ஊறி விரல் ரேகையே போயிட்டுது. பாஸ்போட் எடுக்கப் போனால், அப்படி ஒரு ஆளே இல்லை எண்டுவாங்கள்."

இன்னொரு முறை பிழை வந்தால் அவளைப் பொதி கட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டு வேறு ஆள் எடுக்க வேண்டியதுதான் என்று மாக்கஸ் குலசிங்கத்திடம் சொன்னான். அவர் தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை அவர் வலது கையில் கோப்பியோடு வந்து, இடது கையால் மின்சாரத்தைப் போட்டார். முதல் வட்டத்தில் விரல் வைத்தார். எரிந்தது. கோப்பியை வைத்துவிட்டு, வழக்கம்போல மறுபடி போட்டுப் பார்த்தார். எரியவில்லை.

வழக்கம் என்பது இதுதான். இடது கை மின் ஆளியைப் போடும்போது வலது கையின் மூன்று விரல்கள் பலகையை முதல் வட்டத்தின் மேல் தொடும். பிறகு அவ்விரல்கள் கண்களுக்குப் போகும். ஒரு நொடிதான். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் செய்வார்.

மின்சாரம் வரும் அந்த நொடியில் பலகை தன் சுற்றுப்புறத்தை அளந்துகொள்கிறது. அப்போது என்ன இருக்கிறதோ அதையே வெறுமை என்று எடுத்துக்கொள்ளும். இங்கே அது எடுத்துக்கொண்டது அவருடைய விரல்களை. பிறகு எந்த விரல் வந்தாலும் முதல் வட்டத்துக்கு அது புதிதல்ல.

இயக்கும்போது தொடக்கூடாது என்பது கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. தொட்டீர்களா என்று மாக்கஸ் கேட்டபோது இல்லை என்றிருந்தார். அது பொய்யல்ல. கும்பிடுவதைத் தொடுவது என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

அதன்பின் கை வைக்காமல் போட்டார். நான்கும் எரிந்தன. மாக்கஸ் வந்து பார்த்து, இந்தத் தடவைதான் ஒழுங்காக ஒட்டப்பட்டிருக்கிறது என்றான். ஆனாலும் ஒன்றை ஒட்ட இத்தனை தடவை எடுத்த கிளடிஸ் திங்கள் முதல் பொதி கட்டப் போகட்டும் என்றான். குலசிங்கம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் கிளடிஸ் அவருக்கு எதிரே வந்து அமர்ந்தாள்.

"பரவாயில்லை அண்ணை. அங்க கதிரை இல்லை, அவ்வளவுதான். கால் பழகிடும்."

"நீர் சாப்பிடும்."

"இத்தனை வருசம் ஒட்டிப்போட்டு, திரும்பத் திரும்பப் பிழையா ஒட்டியிருக்கிறன் எண்டு நினைக்க எனக்கே வெக்கமாக் கிடக்கு."

குலசிங்கம் புட்டைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியை மூடினார்.

வியாழக்கிழமை காலை மாக்கஸிடம் போனார். பிழை தகட்டில் இல்லை, தன் கையில் என்றார். மாக்கஸுக்கு விளங்கவில்லை. தொடங்குமுன் கும்பிடுகிற வழக்கம் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"பலகையையா?"

"பலகையை இல்லை."

பிறகு யாரை என்று சொல்ல அவருக்கு ஆங்கிலம் வரவில்லை. காட்டுங்கள் என்றான் மாக்கஸ். மேசைக்கு வந்தார்கள். பக்கத்து மேசைக்காரர்களும் எழுந்து வந்தார்கள். குலசிங்கம் ஆளியைப் போட்டார், தொட்டார், கண்களில் ஒற்றினார். மாக்கஸ் திரையில் ஓடிய எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை. மெதுவாக."

செய்தார்.

"கண்ணுக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. தொட்டால் போதும்."

அடுத்த தடவை தொட்டதோடு கை நின்றது. மாக்கஸுக்குச் சந்தோசம். சமையல்காரன் ஈரத்துணியால் துடைக்கும்போது மின்சாரம் வந்தால் அடுப்பிலும் இதே பிழை வரும், நல்லவேளை முதலே தெரிந்தது என்றான். குலசிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினான். கிளடிஸ் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

கிளடிஸ் தின்னர்ப் போத்தலோடு நின்றிருந்தாள். மற்றவர்கள் போனதும் கிட்ட வந்தாள்.

"எப்ப தெரிஞ்சது அண்ணை?"

"செவ்வாய்க்கிழமை."

"அப்ப நேற்று நான் சாப்பாட்டு மேசையில இருந்து சொல்லேக்க?"

"ஓம்."

அவள் கையுறையை மாட்டினாள். ஒரு விரல் சரியாகப் போகவில்லை. கழற்றி மறுபடி மாட்டினாள்.

"நானும் சிலுவை போட்டுத்தான் தகட்டைக் கையில எடுக்கிறன். எல்லாருக்கும் முன்னாலதான். ஆர் என்ன சொன்னது? சரி, அவைக்குச் சொல்ல வெக்கம். எனக்குச் சொல்றதுக்கு என்ன?"

குலசிங்கம் மேசையின் விளிம்பைப் பார்த்தார். அவள் கையை நீட்டினாள்.

"மற்றப் பலகையைத் தாங்கோ."

அண்ணை என்று சொல்லவில்லை. அவர் எடுத்துக் கொடுத்தார்.