மெயின் சுவிட்சும் அக்காவின் நான்கு திரைகளும்

பிரிக்ஃபீல்ட்ஸில் திருமண அழைப்பிதழ் அச்சடிக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற வேறு சிஸ்டம் போட்டுத் தருகிறேன் என்று நானாகவே வலியப் போய் மாட்டிக்கொண்டேன். என் வாய் சும்மா இருக்காது.

அதில் வேலை செய்தவர் கிள்ளானிலிருந்து ரயிலில் வரும் டிசைனர் அக்கா. அவர் எதையும் மூடமாட்டார். ஓர் அழைப்பிதழ் அட்டை திரையில் திறந்திருந்தால் வேலை பாக்கி, மூடினால் முடிந்தது. அதனால் மாதக்கணக்கில் கம்ப்யூட்டரை அணைப்பதே இல்லை. லினக்ஸில் ஒரே கம்ப்யூட்டருக்குள் நான்கு திரைகள் வைத்துக்கொள்ளலாம் என்று நான் காட்டியபோது முகத்தைச் சுளித்தார். ஒரே வாரத்தில் சுபாங் ஜெயா கல்யாணங்கள் ஒரு திரை, கிள்ளான் கல்யாணங்கள் ஒரு திரை என்று பிரித்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. அன்று மாலை கடையில் எல்லா இயந்திரமும் ஓய வேண்டும். கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் உண்டு.

"போன வருஷம் அணைச்சிட்டு, மறுநாள் எது பாக்கின்னு தெரியாம அழுதுட்டேன் தம்பி," என்றார் அக்கா.

எனக்குத் தலைகால் புரியாத உற்சாகம். லாக் அவுட் செய்யும்போது எந்தத் திரையில் எந்த அட்டை என்று குறித்துக்கொண்டு, மறுபடி லாக் இன் செய்ததும் அதனதன் இடத்தில் திறக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். மதியம் சோதித்துப் பார்த்தோம். அட்டைகள் ஒவ்வொன்றாக வந்து தம் இடத்தில் உட்கார்ந்தன. கடைக்குள்ளேயே ஒரு குதி குதித்தேன்.

முதலாளி அசரவில்லை. "நாளைக்கு ஒரு அட்டை கொறஞ்சாலும் பழைய சிஸ்டத்தையே போட்டுறணும். வெளையாட்டெல்லாம் வேணாம்லா."

மாலையில் லாக் அவுட் செய்ய அக்கா மவுஸைத் தொடுவதற்குள், முதலாளி வருஷா வருஷம் செய்வதுபோல மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். திரை அப்படியே செத்தது. அவர் பாட்டுக்குச் சூடம் ஏற்றினார். எனக்குச் சாமி கும்பிடவே ஓடவில்லை. லாக் அவுட் நடக்காததால் மதியம் குறித்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு அக்கா எதையெல்லாம் திறந்தாரோ, எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டேன். பக்கத்தில் அக்கா. முதல் திரை நிறைந்தது, இரண்டாவது நிறைந்தது, மூன்றாவதும் நிறைந்தது. எனக்கு மெய்சிலிர்த்தது. நான்காவது காலியாக இருந்தது.

"பந்திங் கல்யாணம்," என்று முணுமுணுத்தார் அக்கா. "சாயங்காலம்தான் தொறந்தேன்."

அந்த அட்டையை அவர் சேமித்துத்தான் வைத்திருந்தார். ஆனால் திரையில் அது வரவில்லை, முதலாளியோ வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். லினக்ஸின் கதை முடிந்தது என்றே நினைத்தேன். அக்கா மவுஸை என் கையிலிருந்து பிடுங்கி, அந்த அட்டையைத் தேடித் திறந்து நான்காவது திரையில் நிறுத்தினார்.

"எல்லாம் வந்துச்சா?" என்று கேட்டபடி முதலாளி உள்ளே வந்தார்.

"வந்துருச்சு பாஸ். ஒன்னுகூட கொறையல," என்றார் அக்கா.

அவர் தலையாட்டிவிட்டு சாமிப் படத்துக்குப் பூ மாற்றப் போனார். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"பழசுக்கு நான் திரும்பிப் போக மாட்டேன் தம்பி. அவர் பூ மாத்திட்டு வர்றதுக்குள்ள, திடீர்னு கரண்டு போனாலும் மறக்காத மாதிரி இத ஒழுங்கா சரி பண்ணு."