பத்து மணி மில்லும் பத்தரை மணிக் கப்பலும்

மில்லுக்காரரை நல்ல மனிதர் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அதற்கான ஆதாரம் போதாது. கெட்டவர் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: மாவை ஒழுங்காக அரைப்பார். துணிக்குழாய் வழியாக இறங்கும் மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார். பிறகு கல்லை இறுக்கும் திருகை அரைச் சுற்று முடுக்குவார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் தெரியும் கவனத்தை வேறு எந்த விஷயத்திலும் பார்த்ததில்லை என்று அவர் மனைவி சொல்வார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா குறையாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் மில்லுக்காரர் தலையாட்டுவார்.

ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடமாக ஒரே மில். படகுத்துறையிலிருந்து மேலேறினால் முதல் கட்டடம் அதுதான். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் அது ஓடும். வயல் பம்புகள் நின்றிருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் மோட்டாரை இழுக்கும் அளவுக்குக் கரண்ட் வரும். ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவரிடம் பேச அவர் காதுக்குள் வாயை வைக்க வேண்டும். இத்தனை வருடத்தில் மில்லுக்காரரின் காது பாதி போய்விட்டது. அதனால் அவர் பேசுவது எல்லாமே கத்தல்தான். அவர் ரகசியம் சொன்னால் அக்கரையில் துணி துவைப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்படிப்பட்டவர் வாசலில்தான் அந்தச் சுற்றுலாக் கப்பல் வந்து நின்றது.

இரண்டு நகரங்களுக்கு நடுவே ஆற்றில் பார்க்க ஒன்றும் இல்லாத ஒரு நீளமான பகுதி. பயணிகள் அங்கே சலித்துப்போகிறார்கள் என்று யாரோ ஒரு நிறுத்தம் போட நினைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரிலும் பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றும் இல்லாததற்கும் ஒரு பெயர் வைத்துவிடலாம் அல்லவா? கப்பலில் கொடுக்கும் வண்ணத் தாளில் "அமைதியான ஆற்றோரக் கிராமம்" என்று அச்சடித்துவிட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் பத்தரை மணிக்கு வருவார்கள். ஒன்றேகால் மணி நேரம் நடந்து பார்த்துவிட்டு ஏறிவிடுவார்கள்.

முதல் நாள் முப்பது பேர் இறங்கினார்கள். மஞ்சள் குடை பிடித்த வழிகாட்டிப் பெண் வாயை அசைத்தாள். மில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் குடையால் ஆற்றைக் காட்டினாள், வானத்தைக் காட்டினாள், எல்லாரையும் கப்பலில் ஏற்றிவிட்டாள்.

சத்தம் தாங்கவில்லை என்று கப்பல்காரர்கள் புகார் சொல்ல, மறுநாளே ஊர்த் தலைவர் கூட்டம் போட்டார். துறையில் ஏறி இறங்கப் புதுப் பலகை போட்டுத் தருவதாகவும் அவர்கள் சொல்லியிருந்தார்கள். நிறுத்தம் அக்கரைக்குப் போய்விட்டால் பலகையும் அக்கரைக்குப் போய்விடும்.

"மில்லைச் செங்கல் சூளை பக்கம் மாத்திடுப்பா. ரெண்டு மைல்தானே" என்றார் தலைவர்.

"தலைவரே, அது என்ன தையல் மிஷினா, தலையில தூக்கிட்டுப் போக? சிமெண்ட்ல புதைச்ச மிஷின். ஒரு தடவை பேத்தா கல்லு அப்புறம் ஜென்மத்துக்கும் சமமா உக்காராது. மாவுல மணல்தான் வரும்!"

"ஏன் கத்தறே?"

"நான் எங்க கத்தறேன்?"

ஒரு வழியாக ஒப்பந்தம் ஆயிற்று. கப்பல் நிற்கும் நேரத்தில் மில் ஓடக்கூடாது. சத்தம் என்று இன்னொரு புகார் வந்தால், ஒரே ஒரு புகார், மில் சூளைக்குப் போக வேண்டும். மில்லுக்காரர் ஒப்புக்கொண்டார். தன் மோட்டாரை அணைத்தால் ஊரில் வேறு சத்தமே கிடையாது என்று அவர் மனதார நம்பினார். பாவம், அவர் எப்போதும் சத்தத்துக்கு உள்ளேயே இருந்தவர்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாரும் கூடிப் பேசி முடிவு செய்த வழக்கம் இல்லை அது. ஊரில் சண்டைகள் எல்லாம் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவேதான் நடக்கும். விடிகாலையில் கோபம் வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். "மில்லு ஓடட்டும், வச்சுக்கறேன்" என்பது எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் புரிகிற மிரட்டல். மில் ஓடத் தொடங்கியதும் வீட்டுக்கு வீடு தொண்டையைத் திறப்பார்கள். அடுத்த வீட்டுக்குக் கேட்காது. பன்னிரண்டு மணிக்கு மில் நிற்கும்போது பேச்சும் நிற்கும். கொஞ்சம் முகம் வீங்கியிருக்கும், அவ்வளவுதான். இத்தனை வருடமாக எங்கள் ஊரில் எந்தக் குடும்பமும் வாய்விட்டுச் சண்டை போட்டதாக வெளியே பேச்சு வந்ததில்லை. அந்தப் பெருமை எங்களுடையது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்து இருபத்தைந்துக்கு மில்லுக்காரர் சுவிட்சை அணைத்தார். மூட்டைகள் நடுவே கால் நீட்டி உட்கார்ந்தவர் அப்படியே கண் அயர்ந்துவிட்டார். கப்பல் வந்தது. முப்பது பேர் இறங்கினார்கள். தெருவில் நடந்தார்கள்.

மில் நின்றது ஊருக்குத் தெரியும். ஆனால் தொண்டைக்குத் தெரியவில்லை. பத்தே முக்கால் ஆனதும் அது தானாகத் திறந்துகொண்டது.

முதலில் தையல்காரர் வீடு. "உங்க தங்கச்சி வந்து போனா இந்த வீட்ல ஒரு டம்ளராச்சும் காணாம போகுதா இல்லையா? சொல்லுங்க! வாயில என்ன, ஊசியா?"

வாயில் ஊசிதான் இருந்திருக்க வேண்டும். பதில் வர நேரமாயிற்று.

தெருவில் நின்ற பயணிகள் வழிகாட்டிப் பெண்ணைப் பார்த்தார்கள். அவளுக்கு எங்கள் பேச்சு நன்றாகவே புரியும். "விருந்தினர்களைப் பற்றிய பாட்டு" என்று அவர்கள் மொழியில் சொல்லி வைத்தாள். பத்து அடி தள்ளி, பச்சைக் கேட் போட்ட வீட்டில், தலைவரின் அக்காவும் தலைவரின் மனைவியும் ஒரு பாத்திரத்தின் வயதைப் பற்றி முடிவு செய்துகொண்டிருந்தார்கள். அது பதில் பாட்டு ஆயிற்று. மில்லுக்குப் பின்னால் துவைக்கிற கல் பக்கம் ஒரு பெண் தனியாக நின்று, எதிரே யாரும் இல்லாமல், கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அதற்கு வழிகாட்டி என்ன பெயர் வைத்தாள் என்று தெரியவில்லை. நாலு பேர் போட்டோ எடுத்தார்கள்.

வியாழக்கிழமை கப்பல்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. "நிறுத்த நேரம் முழுவதும் பலத்த சத்தம். பயணிகள் குறை கூறியுள்ளனர். வெள்ளியன்று மேனேஜர் நேரில் வருவார்."

தலைவர் கடிதத்தோடு நேரே மில்லுக்கு வந்தார். தன் வீட்டுக் குரல்களைத் துறையில் நின்று அவரும் கேட்டவர்தான். ஆனாலும் முகத்தை ஒரு கோடு கூட அசையாமல் வைத்துக்கொண்டார்.

"பேச்சு மாறாத. சூளைக்குக் கிளம்பு."

"தலைவரே, பெல்ட்டைக் கூடக் கழட்டி வச்சிருந்தேன்! நான் தூங்கிட்டு இருந்தேன்!"

"அப்ப உன் குறட்டையா இருக்கும்."

மில்லுக்காரர் சாட்சி தேடிப் புறப்பட்டார். தையல்காரர், "நான் அன்னிக்கு ஊர்லயே இல்லண்ணே" என்றார். அன்றைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அவர் பின்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி, "எங்க வீட்லயா, சத்தமா? நாங்க பேசினா எங்க வீட்டுப் பூனைக்கே கேக்காது" என்றார். எட்டு வீடு ஏறினார். எட்டு வீட்டிலும் செவ்வாய்க்கிழமை காலை பூப் பூத்தது கூடக் கேட்கும் அளவுக்கு அமைதியாக இருந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் அவர் மில் தப்பிக்கும். சொன்னவர் வீட்டு மானம் போகும். மனிதர்கள் பொய் சொல்வது தீமையினால்தான் என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். பெரும்பாலும் வெட்கத்தினால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சாப்பாட்டு நேரத்தில் மனைவியிடம் புலம்பினார். "ஊரே சேர்ந்து என்னைச் சூளைக்கு அனுப்புது. சத்தமே இல்லேங்கறாங்க. அப்ப அந்தக் கப்பல்காரனுக்கு என்ன காதுல கோளாறா?"

மனைவி தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். கொஞ்சம் யோசித்தார்.

"சத்தம் இருந்துச்சுங்க."

"யாரு?"

"எல்லாரும்தான். நானும்."

"நீயா? யாருகிட்ட?"

"உங்ககிட்டதான்."

"எனக்குக் கேக்கவே இல்லையே!"

"அதுக்குத்தானே மில்லு ஓடறப்ப பேசறது. அன்னிக்கு மில்லு நின்னது மறந்துபோச்சு."

மில்லுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "எத்தனை நாளா?"

"கல்யாணம் ஆன மூணாவது மாசத்துலேருந்து."

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் வந்தார். மெலிந்த மனிதர், கையில் அட்டை, அட்டையில் ஒரு நேரப்பட்டியல். துறையில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஊரில் பாதி நின்றது. தலைவர் எழுந்து, மில்லைச் சூளைக்கு மாற்றத் தீர்மானம் ஆகிவிட்டது, இனிமேல் பிரச்சினை இருக்காது என்றார். மில்லுக்காரர் முகத்தில் மாவு இல்லாமல் வந்திருந்தார். அதனால் அவரைப் பலருக்கு அடையாளம் தெரியவில்லை.

அவர் மனைவி முன்னால் வந்தார்.

"சார், அன்னிக்குச் சத்தம் போட்டது மில்லு இல்ல. நான்."

"யார்கூடம்மா சண்டை?"

"எங்க வீட்டுக்காரர்கூட."

"அவர் என்ன சொன்னார்?"

"அவரு தூங்கிட்டு இருந்தாரு."

மேனேஜருக்கு நம்பிக்கை வரவில்லை. மில்லைக் காப்பாற்ற ஏதோ கதை விடுகிறார்கள் என்று நினைத்திருப்பார். "அப்படி என்னதான் பேசினீங்க?" என்றார்.

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். மில் ஓடவில்லை. ஒரு வார்த்தை விடாமல் எல்லாருக்கும் கேட்கும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"மாவுக் கையோட கதவைத் தொடறாரு சார். எங்க வீட்டுக் கதவெல்லாம் என்ன நிறம்னு எனக்கே மறந்துபோச்சு. ஊர்ல யார் வீட்டுக் கோதுமை நல்லா இருக்கு, யார் வீட்டுது புழு வச்சிருக்குனு மனப்பாடமாச் சொல்வாரு. வீட்ல யாருக்கு உடம்பு சரியில்லனு தெரியாது. எங்க பொண்ணு காலேஜ் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு. என்ன படிக்கறானு கேட்டுப் பாருங்க!"

மேனேஜர் தன்னை அறியாமல் மில்லுக்காரர் பக்கம் திரும்பினார். "என்ன படிக்கறாங்க?"

மில்லுக்காரர் நெற்றியைத் தேய்த்தார். "இப்ப... ரெண்டாவது வருஷம்!" என்று கத்தினார்.

துறையே சிரித்தது. தையல்காரர் மனைவிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. இத்தனை கவனமும் மில்லுக்காரர் வீட்டுக்கே போகிறதே என்று இருந்திருக்கும். "அவ சத்தம் என்ன பெரிய சத்தம்?" என்று முன்னால் வந்தார். "அன்னிக்கு நான் கத்தினதுல எங்க வீட்டு மிஷின்ல நூலே அந்துபோச்சு. கேளுங்க அந்தப் பொண்ணை!"

மஞ்சள் குடைப் பெண் தலை குனிந்தாள். "நான்தான் சார் பாட்டுன்னு சொல்லிட்டேன்."

"எல்லாமேவா?"

"பச்சைக் கேட் வீடு வரைக்கும்."

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் ஆற்றைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, ஆற்றில் ஒன்றும் உதவி கிடைக்காததால், தொண்டையைச் செருமினார்.

"சார், ஒண்ணு சொல்றேன். மில்லுக்காச்சும் சுவிட்ச் இருக்கு. இவங்களுக்கு எங்க போய்த் தேடறது? மில்லு அதே இடத்துல ஓடட்டும். அது இருக்கறதே நல்லது."

தலைவர் சொன்ன உருப்படியான வார்த்தை எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். வேறு ஒன்று உடனே நினைவுக்கு வரவில்லை.

மேனேஜர் அட்டையைப் புரட்டினார். மில் ஓடினாலும் பயணிகளுக்கு ஆகாது, நின்றாலும் ஆகாது. பென்சிலைக் காதில் சொருகி எடுத்துவிட்டுக் கேட்டார்:

"மத்தியானம் ரெண்டு மணிக்கு இந்த ஊர் எப்படி இருக்கும்?"

"தூங்கும்" என்றது துறை, ஒரே குரலில்.

நகரத்துக் கோட்டையை முதலில் காட்டிவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு இங்கே நிறுத்துவது என்று அவர் பட்டியலில் எழுதினார். மில்லுக்காரர் அந்தப் பென்சில் நகர்வதை, மாவைப் பார்க்கும் அதே கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டார். அதுவும் சத்தமாகத்தான் வந்தது.

இப்போதெல்லாம் இரண்டு மணிக்குப் பயணிகள் இறங்கி நடக்கிறார்கள். தெருவில் நாய் கூட எழுந்திருப்பதில்லை. எவ்வளவு அமைதியான மக்கள் என்று எழுதிவிட்டுப் போகிறார்களாம். சொல்ல வேண்டியதை எல்லாம் காலையிலேயே சொல்லித் தீர்த்தவர்களின் அமைதி அது. அதில் பொய் இல்லை என்றே நினைக்கிறேன்.

அந்த வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை பத்து மணிக்கு, மில்லுக்காரர் பெல்ட்டை மாட்டிவிட்டுச் சுவிட்சில் கை வைத்தார். வாசலில் மனைவி நின்றிருந்தார். மில்லுக்காரர் கையை எடுத்துவிட்டு, தன்னால் முடிந்த அளவு மெதுவாகக் கேட்டார். மூன்று வீடு தள்ளிக் கேட்டது.

"நேத்து நீ பாதிதான் சொன்னேன்னு தோணுது. மீதியையும் சொல்லிடு. கேட்டுக்கறேன்."

"முதல்ல மில்லைப் போடுங்க" என்றார் மனைவி.

போட்டார். மோட்டார் ஒரு தடவை முனகிவிட்டு ஓடத் தொடங்கியது. அந்த அம்மா பேச ஆரம்பித்தார். மில்லுக்காரர் தொட்டியில் கோதுமையைக் கொட்டவில்லை. மனைவியின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தானியம் இல்லாமல் சுற்றினால் கல்லின் பல் தேய்ந்துவிடும். இருபத்தாறு வருடத்தில் அவர் ஒரு நாளும் அப்படி விட்டதில்லை. அன்றைக்கு ஒரு நிமிடம் போல விட்டார்.